வெள்ளரளிப் பொட்டலம்

வேலம்பாளையம்,
12-6-1968

அன்புள்ள கண்ணம்மா,

நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். மணி பதினொன்றரை. சின்னவன் இப்போதுதான் கண் அசந்தான். ஆறு மாதப் பிள்ளைக்கு நெஞ்சுக்குள் இப்படி ஒரு கரகரப்பு இருக்கலாமா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். டாக்டர் பஞ்சுத் தூசி என்கிறார். மாட்டுச் சாளையில் இவர் மெஷின் போட்டதிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் பகலெல்லாம் பனியன் துணி ஓடுகிறது. மெஷின் நின்ற பிறகுதான் பிள்ளையின் மூச்சு எனக்குக் கேட்கிறது. கேட்ட பிறகு தூக்கம் வருவதில்லை. பெரியவள் செல்லா என் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் அவள் புரண்டாள் என்று வைத்துக்கொள்.

உன் மூன்று கடிதங்களும் வந்தன. மூன்றாவதில் 'அன்புள்ள' என்பதைக்கூட விட்டுவிட்டாய். கல்லூரி முத்திரையும் கடைசித் தேதியும்தான் இருந்தன. கூடப் படித்தவளுக்கு எழுதுகிறோம் என்ற நினைப்பு உனக்கு இருக்கிறதா, இல்லை என்னையும் ஒரு தாலுகா ஆபீஸ் என்று நினைத்துவிட்டாயா?

நீ அனுப்பிய விவசாயக் கல்லூரி விண்ணப்பம் இருபதில் பதினேழைக் கொடுத்துவிட்டேன். சின்னவனை இடுப்பில் வைத்து, செல்லாவைக் கையில் பிடித்து, பி.யு.சி. எழுதியவர்கள் இருக்கும் வீடாகப் பார்த்துப் போனேன். ஒன்று திரும்பி வந்தது, புகையிலை மடித்த நிலையில். லிங்கசாமி அண்ணன் தன் தோட்டத்தில் பத்துப் பேர் நிற்கும்போது கேட்டார்: "ஏனுங்கம்மிணி, வெள்ளாமை பண்றதுக்கு நாலு வருசம் படிக்கோணுமுங்களா? எங்க எருது ரண்டும் பள்ளிக்கொடத்துப் பக்கமே போனதில்லீங்க. சால் கோணாம உழுகுதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெயிலில் அவ்வளவு தூரம் நடந்துவிட்டு வேறு என்ன செய்வது?

கருப்புசாமி வீட்டில் அவர் மனைவி கேட்டது வேறு மாதிரி. "படிச்சுப்போட்டு ஆபீசராப் போயிருவானுங்களா, இல்ல மறுக்காவும் மம்முட்டியத்தான் புடிப்பானுங்களா?" படித்தவர்கள் இந்தப் பக்கமே திரும்பி வந்து நம் கிணறு, நம் மண், நம் விதை என்று பார்க்கத்தான் இந்தப் படிப்பு என்று நீ எழுதியதை அப்படியே சொன்னேன். "அப்பறம் எதுக்குங்க அத்தன தூரம் சுத்தீட்டு வரோணும்? இங்கயே இருந்துக்கட்டும். உங்கூட்டுக்காரரே சாளைய மெஷினுக்கு உட்டுப்போட்டாரு. நீங்க எங்கள மட்டும் மண்ணக் கட்டீட்டு அழுகச் சொல்றீங்க" என்றாள். பதில் இருந்தது. பிள்ளை அழுதான், சொல்லாமல் வந்துவிட்டேன்.

இவர் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "நீ காலேஜுக்கு ஆள் புடிக்கற. நான் மெஷினுக்கு ஆள் கெடைக்காம அலையறேன். ஒரே ஊட்டுக்குள்ள ரண்டு ஏஜெண்டு."

ஒருத்தி இருக்கிறாள். ஊர்க் கடைசியில் நாலு ஏக்கர் வைத்திருக்கும் ஆறுச்சாமி மாமாவின் மகள் பழனியம்மாள். கோயமுத்தூரில் அத்தை வீட்டில் தங்கி பி.யு.சி. முடித்தவள், நல்ல மார்க். விண்ணப்பத்தை இரண்டு பக்கமும் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அக்கா, எங்க கெணத்துத் தண்ணி வருசா வருசம் உப்பாயிட்டே வருது. அது எதனாலன்னு அங்க சொல்லிக் குடுப்பாங்களா?" அவளுடைய தாய்மாமன் மகனுக்கு அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி இருக்கிறது. முறை மாப்பிள்ளை. அவர்கள் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பா கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. "பாக்கலாமுங்க" என்கிறார்.

சின்னவன் இருமுகிறான். நிறுத்துகிறேன்.

உன்,
ரங்காத்தாள்

*

கோயமுத்தூர்,
17-6-1968

அன்புள்ள ரங்கா (எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்),

முதலில் பிள்ளையை மெஷின் சுவரிலிருந்து எட்டிப் படுக்க வை. பிள்ளை பெறாதவள் புத்தி சொல்கிறாள் என்று சிரித்தாலும் பரவாயில்லை. உன் வீட்டுக்காரர் திருமூர்த்தி அண்ணனிடம் சொல், சாளைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் ஜன்னலை அடைக்கட்டும்.

இந்த வருஷம் கிராமத்துப் பெண்களுக்கு என்று எட்டு இடம் கேட்டு வாங்கியவள் நான். வாதாடி வாங்கினேன். படித்து முடித்ததும் இரண்டு வருஷம் அவரவர் ஊர்ப்பக்கமே வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் நான் எழுதியதுதான். இதுவரை வந்த விண்ணப்பம் இரண்டு. இரண்டும் டவுன் பெண்கள். கமிட்டி கூடும்போது, "நாங்கள் அப்பவே சொன்னோமே அம்மா" என்று டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் அந்த எட்டும் இருக்காது.

உன் பழனியம்மாள் எனக்கு வேண்டும். உப்புக் கிணற்றைப் பற்றிக் கேட்கிற பெண் ஒருத்தி வகுப்பில் இருந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் அப்பாவிடம் கையெழுத்து வாங்கு. எப்படி வாங்குவாய் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். 29ஆம் தேதிக்குள் என் மேஜைக்கு வர வேண்டும்.

மண்ணியலில் நீ வாங்கிய மார்க்கை இந்த நாலு வருஷத்தில் யாரும் தொடவில்லை. பழைய ரிஜிஸ்தரைப் புரட்டும்போதெல்லாம் உன் பெயர் வருகிறது. ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

கண்ணம்மாள்

*

வேலம்பாளையம்,
26-6-1968

அன்புள்ள கண்ணம்மா,

ஆறுச்சாமி மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார். விண்ணப்பம் இதனுடன் இருக்கிறது. ஓரத்தில் மஞ்சள் கறை இருக்கும். சாமி முன்னால் வைத்து எடுத்தது. கமிட்டி பொறுத்துக்கொள்ளட்டும்.

நாலு தடவை போனேன். நாலு தடவையும் மோர் கொடுத்தார்கள், பாக்கலாமுங்க என்றார்கள். ஐந்தாவது தடவை மாமா அவராகவே சொன்னார்: "இது மனுசன் சொல்லி முடியறதில்லீங்க அம்மிணி. பூக் கேட்டுப் போடலாமுங்க."

உனக்குத் தெரியாத வழக்கமா? வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி கட்டி சாமி காலடியில் வைத்து, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் தாய்மாமன் மகன். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். சாமி வேண்டாம் என்று ஒதுக்கியதை மனுசன் பார்க்கக் கூடாதாம்.

பொட்டலம் கட்டுவது பூசாரி வேலை. மாமா ஒப்பவில்லை. "பூசாரி என்ர மச்சானுக்கு ஒறம்பரைங்க, சொந்தக்காரருங்க. அவரு கட்டினா அக்கட்டத்தான் சாயும்பாங்க. நீங்க காலேசு படிச்சவங்க. உங்களுக்குப் பொய் வராதுங்க. நீங்களே கட்டுங்க, உங்க பொண்ணே எடுக்கட்டும்."

திங்கட்கிழமை காலையில் எல்லாரும் கரட்டு முருகன் கோயிலுக்குப் போனோம். பூவும் வாழையிலையும் நான் கொண்டு போனேன். பனியன் வேஸ்ட் நூலால் கட்டினேன், வீட்டில் வேறு நூல் ஏது? செல்லா விளக்குப் பக்கம் இருந்ததை எடுத்தாள். வெள்ளை. மாமாவின் மனைவி பெரியாத்தாள் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் அண்ணன் மகனுக்குக் கொடுக்க ஆசைப்பட்டவர் அவர். மாமா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், சற்று நேரம் எழவேயில்லை. எழுந்ததும், "உத்தரவாயிப் போச்சுங்க" என்று அங்கேயே பேனாவை வாங்கினார். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். பழனியம்மாள் தூணுக்குப் பின்னால் நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

அரளிப் பால் பட்டு விரல் எரிகிறது. விஷம் அல்லவா? பிள்ளையைத் தொடப் பயந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். இன்னும் கழுவ வேண்டும் போலத்தான் இருக்கிறது.

ரங்காத்தாள்

*

கோயமுத்தூர்,
1-7-1968

அன்புள்ள ரங்கா,

விண்ணப்பம் கிடைத்தது. மஞ்சள் கறையோடு கமிட்டி முன்னால் வைத்தேன். ஒருவரும் டீ ஆற்றவில்லை.

நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தும் உன்னிடம் ஒன்று சொன்னதில்லை, நீ சிரிப்பாய் என்று. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபோது என் அப்பாவும் இதே கரட்டு முருகனிடம்தான் பூக் கேட்டார். தறிக்குழியிலிருந்து எழுந்து, குளித்துவிட்டு, மண்ணரையிலிருந்து நடந்தே போனார். வெள்ளை வந்தது. சிவப்பு வந்திருந்தால் நான் இன்றைக்கும் எங்கள் தெருவில் தறி நூலுக்குப் பாவு ஓட்டிக்கொண்டிருப்பேன். விடுதியில் நான் அழுத நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போதெல்லாம், அனுப்பியவன் அவன், அவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டுதான் தூங்குவேன். இந்த மருதாசலத்தின் மகளை முருகன் படிக்க வைத்தான் என்று அப்பா இன்றும் பாவு நனைக்கும்போது யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பழனியம்மாளிடம் சொல், அவளை அனுப்பியதும் அவன்தான் என்று. 15ஆம் தேதி நேர்முகம்.

உன்,
கண்ணம்மாள்

*

வேலம்பாளையம்,
3-3-1970

அன்புள்ள கண்ணம்மா,

பொங்கலுக்கு நீ போட்ட கார்டுக்கே நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் இந்தக் கடிதத்தைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று தள்ளிப்போட்டேன்.

போன வாரம் செல்லா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது ஐந்து வயது. பொம்மைக்குக் கல்யாணமா, பள்ளிக்கூடமா என்று பூக் கேட்கிற விளையாட்டு. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை கொண்டுவந்தாள். செல்லா சிவப்பைத் தள்ளிவிட்டாள். "ரண்டுலயும் வெள்ளதான் வெக்கோணும். எங்கம்மா அப்படித்தான் கட்டுவாங்க" என்றாள். நான் அடுப்படியில் இருந்தேன். பாலைப் பொங்க விட்டேன்.

ஆமாம் கண்ணம்மா. இரண்டிலும் வெள்ளைதான். அன்றைக்குக் காலையில் பூப் பறிக்கும்போது சிவப்பு அரளிச் செடிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவளுடைய மார்க்கை நினைத்தேனா, அந்த உப்புத் தண்ணீரையா, உன் எட்டு இடத்தையா, என்னையேவா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. சிவப்பைப் பறிக்கவில்லை, அவ்வளவுதான். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்று தெரியும்.

எருது படித்ததில்லை என்று கேலி பேசிய லிங்கசாமி அண்ணனே போன வருஷம் மகனுக்காக வந்தார். "உங்க கை ராசிங்க" என்றார். அவர் பின்னாலேயே கருப்புசாமியும் வந்தார். அவர்களுக்கும் அப்படியே கட்டினேன். முதல் தடவை முடிச்சை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினேன். அடுத்த இரண்டு தடவையும் ஒரே முடிச்சுதான். செல்லா பக்கத்தில் உட்கார்ந்து நூலை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவளைக் குழந்தை என்று நினைத்துக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை உனக்கும் எழுதியிருக்க மாட்டேன். ஆறுச்சாமி மாமாவின் கிணறு வற்றிவிட்டது. தையில் எருது இரண்டையும் காங்கேயத்துச் சந்தைக்கு ஓட்டிப் போனவர் வெறும் கயிற்றோடு திரும்பி வந்தார், மகளின் விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று. மச்சான் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. யார் என்ன கேட்டாலும், "சாமி உத்தரவுங்க, நாம என்ன பண்ண முடியும்" என்பார். அதை அவர் சலித்துக்கொண்டு சொல்வதில்லை. தெம்பாகத்தான் சொல்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்று வந்தார். "போன தடவ சாமி அனுப்புன்னுது, அனுப்பிச்சேனுங்க. இன்னும் ரண்டு வருசம் கெடக்குது. மச்சான் கடேசியா ஒருக்கா கேட்டுட்டுப் போறேன்னு பங்குனி மொத வெள்ளிக்கெழமை வரேங்கறாரு. நிறுத்தறதா வேண்டாமான்னு அன்னைக்குக் காத்தால சாமியே சொல்லிப் போடட்டும். நீங்கதான் கட்டோணும். பாப்பாதான் எடுக்கோணும்."

செரிங்க என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

இரண்டு வெள்ளை கட்டினால் அந்த மனிதர் இன்னும் இரண்டு வருஷம் இல்லாத உத்தரவைச் சுமப்பார். நியாயமாகக் கட்டி சிவப்பு வந்துவிட்டால், பாதிப் படிப்பில் அவள் வீட்டுக்கு வருவாள். உண்மையைச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவார். எந்தப் பக்கம் போவது என்று சொல். எனக்கு மூளை ஓடவில்லை. சின்னவனுக்கு மறுபடியும் இரைப்பு. நான் செய்ததற்குத்தான் அவனுக்கு இப்படி வருகிறதோ என்றுகூட ராத்திரியில் தோன்றுகிறது. பி.எஸ்ஸி. படித்தவள் நினைக்கிற நினைப்பைப் பார்.

ரங்காத்தாள்

*

கோயமுத்தூர்,
9-3-1970

ரங்கா,

உன் கடிதத்தை மண் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பிரித்தேன். அதற்கப்புறம் ஒரு வகுப்பு இருந்தது. என்ன பாடம் எடுத்தேன் என்று தெரியவில்லை.

நீ நம்பவில்லை என்றால் நம்பாதே. உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நம்புகிற மனிதர் உன் கையை நம்பிக் கொடுத்தாரே, அதில் போய் ஏன் விளையாடினாய்? வாதாடியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். தோற்றும் போயிருக்கலாம். எட்டு இடத்தில் இன்னும் ஒன்று காலியாகக் கிடந்திருக்கும். அவ்வளவுதானே.

கமிட்டியில் உன் ஊரைத்தான் உதாரணம் சொன்னேன். ஒரே ஊரிலிருந்து மூன்று பேர், வீடு வீடாகப் போய் நிதானமாகப் பேசினால் வருவார்கள் என்றேன். வரும் ஜூனிலிருந்து எல்லாத் தாலுகாவிலும் அந்த முறையைப் பின்பற்றச் சொல்லிச் சுற்றறிக்கை போய்விட்டது. எந்த முறையைப் பின்பற்றுவார்கள் என்று நினைக்கிறாய்?

என் அப்பா பூக் கேட்ட அன்றைக்குப் பொட்டலம் கட்டியது யார் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். பெரியம்மா என்று ஞாபகம். பெரியம்மாவுக்கு என் மேல் உயிர். அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம் என்று பேனாவை எடுத்தேன், மூடிவிட்டேன். கேட்க மாட்டேன். பதினொரு வருஷமாக நான் சாய்ந்துகொண்டிருந்த சுவர், அதைத் தட்டிப் பார்க்க வைத்துவிட்டாய்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இந்தக் கல்லூரி வேலையில் நான் உட்கார்ந்திருப்பது உனக்கு வந்த நாற்காலி. கல்யாணம் என்று நீ விட்டாய், எனக்குக் கிடைத்தது. நீ அதைச் சொல்லிக் காட்டுகிறாயோ என்று உன் ஒவ்வொரு கடிதத்திலும் தேடுகிறேன். நீ சொல்வதே இல்லை. அது இன்னும் மோசமாக இருக்கிறது.

பழனியம்மாளைப் பற்றிக் கேட்பாய். புள்ளியியலில் தவறியிருக்கிறாள், மறுபடியும் எழுத வேண்டும். விடுதியில் யாரோடும் ஒட்டுவதில்லை. சிரித்து நான் பார்த்ததில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் உங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை இரண்டு புட்டியில் அடைத்துக்கொண்டு வந்தாள். ஆய்வுக்கூட அலமாரியில் இன்னும் இருக்கிறது. சோதித்தாயா என்று நான் கேட்கவில்லை.

இனிமேல் கட்டாதே. சொல்லவும் சொல்லாதே என்று வாய்வரை வருகிறது. அதை எழுத மாட்டேன். கொஞ்ச நாளைக்கு எனக்குக் கடிதம் போடாதே.

கண்ணம்மாள்

*

வேலம்பாளையம்,
14-3-1970

அன்புள்ள கண்ணம்மா,

போடாதே என்றாய். போட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

நாற்காலியைப் பற்றி நான் நினைத்ததே இல்லை என்று எழுதினால் அது இன்னொரு வெள்ளைப் பொட்டலம். நினைப்பேன். முக்கியமாகப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும் நாட்களில் நினைப்பேன். உன்னிடமிருந்து அதைப் பிடுங்க நினைத்ததில்லை. உன் பெரியம்மா என்ன பூ வைத்துக் கட்டினார் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருத்தி செய்ததால் எல்லாரும் செய்திருப்பார்கள் என்று ஆகாது.

வியாழக்கிழமை காலையில் சின்னவனைத் தூக்கிக்கொண்டு ஆறுச்சாமி மாமா தோட்டத்துக்குப் போனேன். தனியாக, காய்ந்த பருத்திச் செடியின் மாரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் வாய் வராது என்று பயம்.

"மாமா, போன தடவ ரண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் வெச்சுக் கட்டினேனுங்க."

"ஆமாங்க, வெள்ளதான வந்துது" என்றார்.

"ரண்டுலயுமுங்க. செவப்பு வெக்கவே இல்லீங்க."

இன்னும் இரண்டு மாரைப் பிடுங்கினார். வேரிலிருந்த மண்ணைத் தட்டினார். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "பாப்பாவுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"கொழந்தையையும் சேத்தீட்டீங்க."

கண்ணம்மா, அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத்தான் முதலில் கேட்டார்.

வற்றிய கிணற்றின் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். பிறகு கிணற்றைப் பார்த்துக்கொண்டே, "அப்ப சாமி ஒண்ணுமே சொல்லலீங்களா" என்றார். "எருத ஓட்டீட்டுப் போறப்ப பெரியாத்தா அழுதா. உத்தரவு புள்ள, அழுகாதேன்னேன். மச்சான் மொகத்துக்கு நேரா, சாமி சொன்னத நீ மாத்துவியான்னு கேட்டுப்போட்டு வந்தேன். அதெல்லாம் நானாத்தான் பண்ணுனனா?"

"ஆமாங்க மாமா. நீங்களாத்தான் பண்ணுனீங்க."

"எனக்கு அத்தன தெகிரியம் கெடையாதுங்களே" என்றார்.

சின்னவன் என் தோளில் இரைத்துக்கொண்டிருந்தான்.

"இனி யாரு கட்டினாலும் நான் பூக் கேக்கறதா இல்லீங்க" என்றார் கடைசியில். "வெள்ளிக்கெழமை மச்சான் வந்து உக்காந்தா நான் என்னன்னு சொல்லட்டும்? யாரக் கேட்டுச் சொல்லட்டும்?"

"பழனியம்மாளக் கேளுங்க."

"புள்ளையையா?" உண்மையாகவே அவருக்கு ஆச்சரியம். "அவ என்னன்னு சொல்லுவா?"

தெரியாது என்றேன். ஐந்து தடவை அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அவளுடைய மார்க்கைக் கேட்டேன், பிறந்த தேதியைக் கேட்டேன். படிக்கிறாயா, கட்டிக்கொள்கிறாயா, உனக்கு எது வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீயும் கேட்டதாக எழுதியதில்லை. அவள் கேட்ட ஒரே கேள்வி அந்தக் கிணற்றைப் பற்றி. அதைவைத்து மற்றதையெல்லாம் நாம் இரண்டு பேரும் நாமாகவே எழுதிக்கொண்டோம்.

மாமா யோசித்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க கேட்டா நீங்க நெனைக்கறதையே சொல்லுவா. உங்க சிநேகிதி கேட்டா வாத்தியாரம்மான்னு பயந்துட்டுச் சொல்லுவா. நான் நேர்ல வந்தா அழுவா. அவ கையால எழுதச் சொல்லுங்க. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கறேன். வரேன்னா கூட்டியாந்தர்றேன். இருக்கறேன்னா மச்சானுக்கு நானாச்சு."

மோர் கொடுக்கவில்லை. வா என்றும் போ என்றும் சொல்லவில்லை. நான் வண்டித்தடம் வரை வந்த பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது: "வெயிலுங்க. பையன் தலைக்குத் துணியப் போட்டுக்கோங்க." போட்டுக்கொண்டு வந்தேன். வீடு வரைக்கும் அழுதுகொண்டேதான் வந்தேன்.

இவரிடமும் சொல்லிவிட்டேன். ஏஜெண்டு என்று கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். மெஷினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் சித்த நேரம் உட்கார்ந்திருந்தார். செல்லாவிடம் நான் செய்தது தப்பு என்று சொன்னேன். "அப்ப பொம்மைக்கு மறுக்காவும் கேக்கட்டுமா?" என்றாள். பொம்மையையே கேள் என்றேன். திங்கட்கிழமை லிங்கசாமி அண்ணன் வீட்டுக்கும் கருப்புசாமி வீட்டுக்கும் போகிறேன். அவர்கள் மோர் கொடுத்து அனுப்பமாட்டார்கள்.

இந்த வருஷத்துக்கு நீ அனுப்பிய விண்ணப்பக் கட்டு பிரிக்காமல் இருக்கிறது. ஊரில் இனி யாராவது என்னை வாசலில் விட்டால், அப்பாவிடம் பேசுவதற்கு முன்னால் படிக்கப் போகிற பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவேன். சுற்றறிக்கையைத் திருத்த முடியுமானால் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடு. ஆள் குறையும். குறையட்டும்.

இதற்குள் இன்னொரு உறை வைத்திருக்கிறேன். மாமாவின் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறது. பழனியம்மாளைக் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொல், பூவைப் பற்றியும் சொல். உறையையும் காகிதத்தையும் கொடுத்துவிட்டு நீ அறையை விட்டு வெளியே போய்விடு. என்ன எழுதினாய் என்று கேட்காதே. அவளே ஒட்டி, அவளே தபால் பெட்டியில் போடட்டும்.

மச்சான் வருவது இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம். வியாழக்கிழமைத் தபாலில் அது மாமா கைக்குக் கிடைத்தாக வேண்டும். அவளிடம் கொடுத்துவிட்டாய் என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுது. கோபத்தோடு எழுதினாலும் சரி, 'அன்புள்ள' போடாமல் எழுதினாலும் சரி. சீக்கிரம் பதில் போடு.

உன்,
ரங்காத்தாள்